குறுக்கு எண்

அக்காவுக்கு அவள் வேலை செய்யும் ஆலையில் வைத்திருந்த பெயர் 'ஒருவேளை'. காதில் விழுந்தும் அவள் கோபித்துக்கொண்டதில்லை. எந்தக் கேள்விக்கும் அவளுடைய பதில் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். ஒருவேளை வால்வு பழசாக இருந்தால்? ஒருவேளை லாரி வெயிலில் நின்றுவிட்டால்? ஒருவேளை வாங்குகிறவர் சிலிண்டரைப் படுக்கப் போட்டு வைத்தால்? வீட்டிலும் இதே பாடுதான். தெருமுனை வரை போன கார், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பி வரும். அணைத்துத்தான் இருக்கும்.

"என்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு கேட்டேன். 'ஒருவேளை'ன்னு ஆரம்பிச்சா. புள்ளைங்க காலேஜ் போயாச்சு, வாக்கியம் இன்னும் முடியல" என்பார் அத்தான். அவர் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறார். பெருத்தவர்களுக்குப் பிரித்துத் தைப்பார், மெலிந்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பார். மெலிந்தேன் என்று வருகிறவர்கள் குறைவு.

நான் அவள் தம்பி, பிழைக்க வந்த இந்தப் பனி நாட்டில் அவளுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறேன். நடந்ததை அக்கா ஒரு மாதிரி சொன்னாள், அத்தான் வேறு மாதிரி சொன்னார். அக்கா சொன்னதில் அவளுடைய குற்றம் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் அத்தான் சொன்னது.

அவளுடைய ஆலை வாயுக் கலவைகளைச் சிலிண்டரில் அடைத்து விற்கிறது. மூச்சு விடவோ இரும்பை ஒட்டவோ அல்ல, கருவிகளைச் சரிபார்க்க. பெயின்ட் கிடங்கு, கார் பட்டறை, பசை வேலை நடக்கும் கூடம் என்று எரியக்கூடிய ஆவி சேரும் எந்த இடத்திலும் சுவரில் ஓர் அலாரம் இருக்கும். ஆவி ஓர் அளவைத் தாண்டினால் அலறும். 'இதுதான் அந்த அளவு, நினைவில் வைத்துக்கொள்' என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க, அளவு தெரிந்த வாயுவை அவ்வப்போது அதன் மூக்கில் காட்ட வேண்டும். நிறைய நைட்ரஜனில் துளியூண்டு பென்டேன் கலந்த சிலிண்டர் அதற்காகத்தான். பென்டேன் பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை, சட்டென்று பற்றிக்கொள்ளும். நைட்ரஜன் எதற்கும் அசையாத சாது.

எந்தச் சிலிண்டரை எவ்வளவு அழுத்தம் வரை நிரப்பலாம் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுவது அக்காவின் வேலை. நிறைய அடைத்தால் வாங்குகிறவருக்குச் சந்தோஷம், நீண்ட நாள் வரும். ஆனால் குளிரில் அளவு மீறி அழுத்தி வைத்தால், பென்டேன் வாயுவாக இருக்க முடியாமல் துளித்துளியாகச் சிலிண்டரின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே மிஞ்சுகிற வாயு நீர்த்துப்போகும். வெளியே ஒட்டிய சீட்டு மட்டும் பழைய அளவையே சாதித்துக்கொண்டிருக்கும்.

எப்போது துளியாகும் என்பதுதான் கேள்வி. பஸ் நெரிசலில் நிற்கிற ஒருவர் எவ்வளவு அவசரமாக இறங்கப் பார்க்கிறார் என்பது, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை மட்டும் பொறுத்ததில்லை. பக்கத்தில் நிற்பது யார் என்பதையும் பொறுத்தது. வாயுவும் அப்படித்தான். அதன் அழுத்தத்தை வைத்து மட்டும் அதன் அவசரத்தைச் சொல்லிவிட முடியாது. அந்த உண்மையான அவசரத்துக்குத்தான் ஃபியூகாசிட்டி என்று பெயர். வாயுவில் இருக்கும் பென்டேனின் அவசரம், திரவமாக இருக்கும் பென்டேனின் அவசரத்தைத் தாண்டினால் துளி விழும்.

அதைக் கணக்கிட விரியல் எண்கள் என்று சில உண்டு. இரண்டு பென்டேன் மூலக்கூறுகள் சந்தித்தால் எவ்வளவு ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு ஓர் எண். இரண்டு நைட்ரஜன் சந்தித்தால் அதற்கு ஓர் எண். பென்டேனும் நைட்ரஜனும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு மூன்றாவதாக ஓர் எண். இந்த மூன்றாவதைக் குறுக்கு எண் என்பார்கள். முதல் இரண்டும் புத்தகங்களில் சுலபமாகக் கிடைக்கும். குறுக்கு எண்ணுக்குத்தான் அலைய வேண்டும். அந்நியர்கள் இருவர் சந்தித்தால் என்ன ஆகும் என்று யாரும் அவ்வளவு அக்கறையாக அளந்து வைப்பதில்லை.

கோடை முடிகிற சமயத்தில் ஒரு புதுக் கலவைக்கு அவள் அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். ஓர் அட்டவணையில் ஒரு மதிப்பு, இன்னொன்றில் வேறு. எதை நம்புவது என்று தீர்மானிக்கும் வரை கணினியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் கணக்கு ஓடாது, திரை முழுக்கச் சிவப்பாகத் திட்டும். அதன் வாயை அடைக்க, மற்ற இரண்டு எண்களையும் கூட்டிப் பாதியாக்கி, அந்தச் சராசரியைத் தற்காலிகமாகப் போட்டு வைத்தாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கூச்சல். லாரிக்காரருக்கும் காவலாளிக்கும் சண்டை, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவள் என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். எப்போதும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒருவர் திட்டியதைக் கொஞ்சம் மென்மையாக்கி மற்றவரிடம் சொல்லி, அவர் திருப்பித் திட்டியதைப் பாதி விழுங்கி இவரிடம் சொல்லி, இருவரையும் கை குலுக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவளுக்கே மூச்சு வாங்கியது. திரையில் சிவப்பு இல்லை. அழகான பச்சை. தாராளமாக நிரப்பலாம் என்று ஓர் எண். மேலாளர் அறை வாசலில் நின்று, "என்னம்மா, ஆச்சா?" என்றார்.

"ஆச்சு சார்" என்றாள். ஒருவேளை என்று சொல்லவில்லை.

*

முதல் உறைபனி விழுந்து சில வாரங்கள் ஆன ஒரு காலை. அதே கலவையில் பென்டேன் இன்னும் குறைவாக வேண்டுமென்று ஒருவர் கேட்டிருந்தார். அக்கா பழைய கணக்கைத் திறந்து பென்டேனின் பங்கைப் பாதியாக்கினாள். விடை மாறியது. ஆனால் நடுவில் ஓர் எண், பென்டேனின் அவசரம் அதன் அழுத்தத்துக்கு எத்தனை மடங்கு என்று காட்டுகிற எண், அப்படியே நின்றது. பெரிதாக மாற வேண்டியதில்லைதான். கடைசி இலக்கமாவது அசைய வேண்டும். பக்கத்தில் நிற்கிற கூட்டம் மாறியிருக்கிறதே. அவள் பங்கை இரட்டிப்பாக்கினாள். அசையவில்லை. பத்து மடங்காக்கினாள். சிலை மாதிரி நின்றது.

குறுக்கு எண்ணின் கட்டத்தைப் பார்த்தாள். சராசரி இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

சராசரியைப் போட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சூத்திரத்தில், குறுக்கு எண்ணின் இரண்டு மடங்கிலிருந்து மற்ற இரண்டு எண்களையும் கழிக்கும் இடம் ஒன்று உண்டு. சராசரி போட்டால் அந்த இடம் சரியாகப் பூஜ்யமாகிவிடும், சத்தமே இல்லாமல். அப்புறம் அந்தக் கணக்குக்கு நைட்ரஜன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்நியர் கூட்டத்தின் நடுவில் தன்னந்தனியாக நிற்கிற பென்டேனை, அது சொந்தபந்தங்களோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். அவசரமே இல்லை, குளிரிலும் துளியாகாது, நிரப்பு நிரப்பு என்று பச்சை காட்டும்.

இரண்டு அட்டவணைகளின் குறுக்கு எண்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். எதைப் போட்டாலும், இந்தக் குளிருக்கு நிரப்பியதில் ஒரு சிறு பங்குதான் நிரப்பியிருக்க வேண்டும்.

நிரப்பும் கூடத்துக்கு ஓடினாள். அங்கே இருப்பவரைப் 'பூட்டு' என்று கூப்பிடுவார்கள். அவர் மூடிய வால்வை இன்னொருவர் திறப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

"அந்த பென்டேன் கலவை... எல்லாம் எங்க இருக்கு?"

"உள்ளதான். ரூம்ல கதகதப்பா தூங்குது. ஏன், ஒருவேளை ஓடிப்போயிடுமா?" அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "ஒண்ணு மட்டும் வெளிய போச்சு. நம்ம அலாரம் எடுத்துட்டுப் போனாரு."

'அலாரம்' என்பது ஊர் முழுக்கப் பட்டறைகளுக்குப் போய் அலாரம் சரிபார்க்கிறவர். நாள் முழுக்கப் பேசுகிறவர். சிலிண்டரை வேனிலேயே வைத்திருப்பார், வேன் அவர் வீட்டு வாசலில் பனியில் நிற்கும்.

அக்கா மேலாளரிடம் போனாள். சுருக்கமாகச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, காலையில் வந்த சிக்கலை மாலைக்குள் சிறிதாக்கிவிட வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

"ஒரே ஒரு சிலிண்டர். அதுவும் போய் ரொம்ப நாளாச்சு. இந்நேரம் தீர்ந்திருக்கும். தீர்ந்துட்டா பிரச்சனையும் தீர்ந்துச்சு இல்லையா?"

"தீரத் தீரத்தான் சார் பிரச்சனை."

"எப்படி?"

"முதல்ல வர்றது நீர்த்த வாயு. பென்டேன் அடியில உட்கார்ந்திருக்கும். வாயு குறையக் குறைய அழுத்தம் இறங்கும், அடியில இருக்கிறது மறுபடி ஆவியாகி மேல வரும். கடைசில வர்றது சீட்டுல போட்டிருக்கிறதைவிடக் கெட்டி. அந்தக் கெட்டியைக் காட்டி 'இதுதான் கொஞ்சம்'னு அலாரத்துக்குச் சொல்லிக்கொடுத்தா, அது நிஜமாவே கொஞ்சம் கசியும்போது கண்டுக்காது. தூங்கும்."

மேலாளர் பேனாவைத் திருகித் திருகி மூடினார். "நாளைக்கு ஆபீஸ் வழியா ஒரு கடிதம் அனுப்பிடலாம்."

"இன்னிக்குப் போறேன் சார்."

"நீங்க கையெழுத்துப் போட்டது. நீங்களே போய்த் தப்புன்னு சொன்னா, இனிமே உங்க கையெழுத்தை எவன் நம்புவான்? உங்க வேலைக்கு நான் எப்படி உத்தரவாதம் சொல்றது?"

இந்த வேலை இருக்கும் வரைதான் எங்கள் குடும்பம் இந்த ஊரில் இருக்கலாம். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு வேலையும் வீடும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கும். அவளுக்கு அது தெரியாதா? தெரியும்.

"கையெழுத்தை எடுத்துக்கோங்க சார். ஒரு நல்ல சிலிண்டர் மட்டும் குடுங்க."

*

அலாரத்துக்குப் போன் செய்தாள். அவர் குரலில் ஒரே குதூகலம்.

"அக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். பனி ஆரம்பிச்சப்ப உங்க காஸால என் மானமே போச்சு. சரிபார்த்துட்டு வந்த அலாரமெல்லாம் சும்மா சும்மா கத்துது. ஒருத்தரு ராத்திரி எல்லாம் தூங்கல, இன்னொருத்தரு என்னைத் திட்டின திட்டு இருக்கே, எங்கப்பா கூட அப்படித் திட்டினதில்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எல்லா இடத்துக்கும் திரும்பப் போனேன். அதே சிலிண்டர், மறுபடி காட்டி, திருகித் திருகி சரி பண்ணிட்டேன். இப்ப ஒரு சத்தம் இல்லக்கா! எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. காஸ் கூடத் தீரப்போகுது, வேற ஒண்ணு அனுப்புங்க."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சத்தம் வந்தவரை ஆபத்தில்லை. நீர்த்த வாயுவால் பழக்கப்பட்ட அலாரம் எதற்கெடுத்தாலும் கத்தும், எரிச்சல்தான், உயிர் போகாது. சத்தம் நின்றதுதான் கெட்ட செய்தி. கடைசிக் கெட்டி வாயுவைக் காட்டி ஒவ்வொன்றையும் அவர் தூங்கப் பண்ணியிருக்கிறார்.

"திரும்பப் போன இடமெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"டீ எங்க குடிச்சேன்னு யோசிச்சா வந்துடும். ஏங்க்கா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

ஆலையின் வேன்கள் எல்லாம் வெளியே போயிருந்தன. அத்தானுக்குப் போன் செய்தாள். அவர் கடையைப் பூட்டிவிட்டு, திருத்தி முடித்த கோட்டுகளும் கால்சட்டைகளும் பின் சீட்டில் குவிந்துகிடக்க, அப்படியே காரைக் கொண்டுவந்தார். பூட்டு அழுத்தம் குறைத்து நிரப்பிக் கொடுத்த சிலிண்டரை அவள் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான்கு ஜன்னல்களையும் இறக்கச் சொன்னாள்.

"பனி பெய்யுதும்மா!"

"ஒருவேளை லேசா கசிஞ்சா?"

"கசிஞ்சு சாகுறதுக்கு முன்னாடி விறைச்சே செத்துடுவோம்" என்றார் அத்தான். ஆனாலும் இறக்கினார். எதிரில் வந்தவர்களெல்லாம் பைத்தியங்கள் போகின்றன என்று பார்த்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார்: "வேலை போயிடுமா?"

"தெரியல."

"துணின்னா பிரிச்சுத் தைக்கலாம்" என்றார்.

*

அலாரம் தன் வேனில் முன்னால் போய் வழி காட்டினார். பெயின்ட் கிடங்கு ஒன்று, கார் பட்டறை ஒன்று. இரண்டிலும் நல்ல சிலிண்டரைக் காட்டினால் சுவர் அலாரத்தின் எண், சீட்டில் இருந்த அளவில் பாதியைக்கூட எட்டவில்லை, திருகிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. முதல் இடத்தில் அவர் "பாட்டரி வீக்கா இருக்கும்" என்றார். இரண்டாவது இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்து அத்தான் பார்த்தது அன்றைக்குத்தானாம்.

கடைசி இடம் செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டும் பட்டறை. தாழ்ந்த கூரை, நீளமான மேசைகள், வரிசையாகப் பெண்கள், கையில் தூரிகை. கதவைத் திறந்ததும் பசை வாடை முகத்தில் அறைந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடி, இடுக்குகளில் துணி அடைத்திருந்தது.

"ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன்" என்றாள் அக்கா.

"குளிர்ல பசை பிடிக்காதுங்க" என்றார் முதலாளி. "நீங்க யாரு?"

அலாரம் பதில் சொன்னார். முதலாளிக்கு முகம் மாறியது. "மறுபடியுமா? இப்பதான் நிம்மதியா இருக்கோம். தொடாதீங்க அதை."

"ஐயோ, மாமியாரை எழுப்ப வந்துட்டாங்களா!" என்று மேசையிலிருந்து ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்த அலாரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. காரணமில்லாமல் கத்தியதால் மாமியார்.

"ஊருக்குப் போயிருந்தாங்க, சந்தோஷமா இருந்தோம்" என்றார் இன்னொருவர். அவர்தான் அங்கே மூத்தவர், பசைக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். சொல்லிவிட்டு நெற்றியை அழுத்திக்கொண்டார். அக்கா அதைக் கவனித்தாள்.

"தலைவலியா?"

"எல்லாருக்கும்தான். சளி பிடிக்கிற காலம்."

முதலாளி மறுப்பதற்குள் அலாரம் ஏணி மேல் ஏறி, சத்தத்தை நிறுத்திவைத்து, நல்ல சிலிண்டரின் குழாயை வைத்தார். எண் மெதுவாக ஏறி, பாதிக்குக் கீழேயே நின்றது. அவர் திருகைத் திருப்பினார். சரியான இடத்துக்கு வந்ததும் குழாயை எடுத்துவிட்டு, சத்தத்தை மறுபடி போட்டார். வாயுவை எடுத்துவிட்டால் எண் இறங்க வேண்டும்.

இறங்கவில்லை. கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு மேலே போனது.

சுவர் அலாரம் அலறத் தொடங்கியது.

"பார்த்தீங்களா, கெடுத்துட்டீங்க!" என்று முதலாளி கத்தினார். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமியார் திரும்பி வந்தாச்சு, வரும்போதே சண்டை. ஒருவரும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. ஏன் வைக்க வேண்டும்? நாள்கணக்கில் அது சும்மா கத்தியதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அக்காவின் தப்பு அவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, இந்தச் சத்தத்தை நம்பாதே என்பதைத்தான்.

"இது நிஜம்! எல்லாரும் வெளிய வாங்க!" என்றாள். அவளுக்கு உரக்கப் பேசி வழக்கமில்லை. சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"சரி சரி, வாடைதானே? விசிறியைப் போடறேன்" என்று முதலாளி சுவரில் இருந்த சுவிட்சுக்குக் கை நீட்டினார். பழைய சுவிட்ச், அழுத்தினால் உள்ளே பொறி தெரியும் வகை.

அக்கா பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தாள். முன்பின் தெரியாத ஓர் ஆளின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும். அவர் திகைத்து நின்றார். அந்தத் திகைப்பில் கூடம் கொஞ்சம் அடங்கியது.

"சுவிட்சைத் தொடாதீங்க. யாரும் எதையும் போடாதீங்க, அணைக்காதீங்க" என்றாள். "போன மாசம் அது சும்மா கத்துச்சுன்னா அதுக்குக் காரணம் நான். அதுக்குக் காட்டுற வாயு எவ்வளவுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டவ நான்தான். தப்பாப் போட்டேன். அது பொய் சொல்லல, நான் சொன்ன பொய்யை அது திருப்பிச் சொல்லுச்சு. அப்புறம் சத்தமில்லாம இருந்துச்சே, அதுவும் என் தப்புதான். இப்ப சரியான வாயுவைக் காட்டியாச்சு. இப்ப கத்துறது உங்க கூடத்துல இருக்கிறதைப் பார்த்து. தயவுசெஞ்சு வாங்கம்மா."

முதலாளி கையை உருவிக்கொண்டார். ஆனால் சுவிட்ச் பக்கம் போகவில்லை.

பசைக்காரம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். தூரிகையை மேசையில் வைத்தார். "தப்புன்னு தானே வந்து சொல்றவ வேலை மெனக்கெட்டு விளையாட வரமாட்டா. எழுந்திருங்கடி" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். போகிற வழியில் ஜன்னல் இடுக்கிலிருந்த துணிகளை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

வெளியே பனி. பெண்கள் வேலை உடையோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். மேலாடைகளெல்லாம் உள்ளே. அத்தான் கார்க் கதவைத் திறந்து பின் சீட்டிலிருந்த கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"போட்டுக்கோங்கம்மா. பொத்தான் பத்திரம். ஊரார் வீட்டுக் கோட்டு, நாளைக்குக் குடுக்கணும்."

மெலிந்த பெண் ஒருத்தி பெரிய கோட்டுக்குள் தொலைந்துபோனாள். "இதைக் கொஞ்சம் பிடிச்சுத் தைங்க" என்றாள். அத்தான் பழக்கதோஷத்தில் தோளைத் தொட்டுப் பார்த்து அளவெடுத்தார்.

உள்ளே காற்று நுழைந்து நெடுநேரம் கழித்துத்தான் சத்தம் அடங்கியது. அலாரமும் முதலாளியும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். மேசைக்கு அடியில் பசையை இளக்கும் திரவம் வைத்திருந்த பீப்பாயின் மூடி ஓர் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. மாமியார் ஊருக்குப் போயிருந்த நாளெல்லாம் அது மெல்ல மெல்லக் கூடத்தை நிரப்பியிருக்கிறது. முதலாளி பீப்பாயைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பசைக்காரம்மா அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் திறந்த கதவு வழியாக உள்ளே சுவரைப் பார்த்தார்கள்.

"இப்ப சும்மா இருக்கே. இந்தச் சும்மாவை நம்பலாமா?"

அக்காவின் வாய் வரை வந்துவிட்டதாம் அந்தச் சொல். விழுங்கிக்கொண்டாள். உள்ளே போய், ஏணியில் தானே ஏறி, நல்ல சிலிண்டரிலிருந்து ஒரு மூச்சு வாயுவைச் சுவர் அலாரத்தின் மூக்கில் காட்டினாள். அலறியது. குழாயை எடுத்தாள். காத்திருந்தாள். எண் இறங்கி இறங்கி அடியில் வந்து நின்றது.

"நம்பலாம்" என்றாள்.

*

வேலை போகவில்லை, கையெழுத்து போய்விட்டது. அவள் சொன்னபடியே மேலாளர் அதை எடுத்துக்கொண்டார். இப்போது கணக்கை அவள் போடுகிறாள், கையெழுத்தை வேறு ஒருவர் போடுகிறார். அவர் அவளைவிட இளையவர், கேள்வி கேட்காமல் போட்டுவிடுகிறார். அதுதான் அவளுக்குப் பெரிய பயம். "கேளுங்க, எங்க எடுத்தேன்னு கேளுங்க" என்று அவர் பின்னாலேயே நடக்கிறாள். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது: 'சரி'. ஆலையில் ஒருவேளையும் சரியும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள் என்று பூட்டு சொல்லிச் சிரிக்கிறார்.

குறுக்கு எண்ணுக்கு உரிய கட்டத்தை அவள் இப்போது காலியாகவே விடுகிறாள். கணக்கு நிற்கட்டும், சிவப்பாகத் திட்டட்டும், மேலாளர் வாசலில் வந்து நிற்கட்டும். தெரியாததைத் தெரிந்தது மாதிரி காட்டுகிற எதையும் அங்கே போடுவதில்லை. வாசலில் சண்டை என்று கூப்பிட்டால் போகிறாள்தான். போகும்முன் கணினியை அணைத்துவிட்டுப் போகிறாள்.

இங்கே நாங்கள் இருப்பதற்கான அனுமதி அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். கையெழுத்து இல்லாதவளின் வேலையை அவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. அத்தானும் நானும் அவள் இல்லாதபோது பேசிக்கொள்கிறோம்.

பசைக்காரம்மாவிடம் அவள் நம்பர் இருக்கிறது. கொஞ்ச நாள் அமைதியாகக் கழிந்தால் போதும், போன் வந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. விடுமுறைக்குப் பிறகு மறுநாள் பட்டறை திறக்கிறார்களாம்.

"ஏம்மா, சத்தமே இல்ல. நம்பலாமா?"

"போன தடவை வந்து பார்த்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. இருந்தாலும்..."

அக்கா கை கழுவ எழுந்தாள். அத்தான் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் சொல்வதற்கு முன்பே காரின் நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டார்.